போற வழிதானே

சேரப்பணஞ்சேரி கோயில் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்த பெரியநாயகத்துக்கு உண்மை பேச வராது என்று சொன்னால் அது அபாண்டம். வரும். நேர் வழியில் வராது, அவ்வளவுதான். படப்பைக்குப் போய் மண்ணெண்ணெய் வாங்கி வரச் சொன்னால், படப்பை கிழக்கே இருக்க, மனிதர் மேற்கே ஒரகடத்துக்கு வண்டியை விடுவார். அங்கே மூட்டையோடு நிற்கிற யாரையாவது ஏற்றிக்கொண்டு வல்லத்தில் இறக்குவார். அந்தப் புண்ணியத்துக்கு அவர்கள் வாங்கிக் கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு, அப்புறம் சாவகாசமாகப் படப்பைக்குத் திரும்புவார். எங்கே போனாய் என்று கேட்டால், "போற வழிதானே சாமி" என்பார். திசை விஷயத்தில் அவருக்குத் தனி அபிப்பிராயம் இருந்தது. சக்கரம் சுற்றினால் எல்லாமே போகிற வழிதான்.

மீசை முளைக்கும் முன்னே நெல் லாரியில் கிளீனராக ஏறியவர். வாலாஜாபாத்தில் ஸ்டீயரிங் பிடித்து, சேலம் பக்கம் போய் ஏற்காட்டு மலையில் காப்பிக்கொட்டை லாரி ஓட்டினார். இடுப்பு வலிக்க ஆரம்பித்ததும் ஊருக்குத் திரும்பிக் கோயில் ஜீப்பில் உட்கார்ந்தார். ஏற்காட்டிலிருந்து அவர் கொண்டுவந்த ஆஸ்தி ஒன்றே ஒன்று. "எடது பக்கம் கொண்டை ஊசி வளைவு வந்தா, மொதல்ல வலது பக்கம் வண்டிய ஒடிக்கணும். அப்பதான் திரும்பும். நேரா திருப்பினே, பள்ளத்துல கீறே" என்று யாரைப் பார்த்தாலும் சொல்லுவார். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு மாட்டு வண்டிகூடக் கிடையாது.

அவரிடம் ஏமாறாத ஒரே ஆள் சாலமோன் சாமியார். அந்தக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பங்குக் குருவாக வந்த புதிதில் அவரும் ஏமாந்தார். பூசைக்கு மெழுகுவத்தி வாங்கி வரக் காஞ்சிபுரம் போன ஜீப், நடுவில் வாலாஜாபாத்தில் பெரியநாயகத்தின் மச்சினிச்சி பிள்ளைக்குக் காது குத்தப் போயிருந்தது. சாயங்காலம் அது திரும்பி வந்தபோது முன்பக்கம் வாழைக்கன்று கட்டியிருந்தது, பானட்டில் சந்தனம் அப்பியிருந்தது, மெழுகுவத்தி மட்டும் இல்லை. சாமியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் ஒரு சின்னப் பலகையில் 'சொந்த உபயோகத்துக்கு அல்ல' என்று அழகாக எழுதி, ஓட்டுகிறவர் கண்ணெதிரே மாட்டிவிட்டார். பெரியநாயகம் தன் துண்டைத் தொங்கவிட அந்தப் பலகையைத்தான் உபயோகித்தார்.

எழுபத்தேழாம் வருஷம் சாமியார் அவரைக் கூப்பிட்டு ஒரு சேதி சொன்னார். ஜெர்மனியில் ம்யூனிக் பக்கத்துப் பங்கு ஒன்று நம் கோயில் ஆஸ்பத்திரி வேலைக்கு ஒரு வேன் தருகிறது. இத்தாலியில் ட்ரியஸ்ட் என்ற துறைமுகத்தில் கொண்டுவந்து விட்டால், கப்பல்காரர்கள் கோயில் சாமான் என்று இலவசமாக ஏற்றிக்கொள்வார்கள். நம் டிரைவரே போய், அந்த வண்டியின் சூட்சுமத்தை அங்கேயே கற்றுக்கொண்டு, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ஓட்டிப்போனால் நல்லது என்று அவர்கள் நினைக்கிறார்கள். பெரியநாயகம் போகவேண்டும்.

"என்ஜின் பின்னாடி இருக்குமாம்" என்றார் சாமியார்.

"பின்னாடியா? அப்ப முன்னாடி இன்னா கீது?"

"உன் முழங்கால். ஸ்டீயரிங்கும் இடது பக்கம். ரோட்டில் வலது பக்கமாக ஓட்டணும்."

பெரியநாயகம் ஆகட்டும் சாமி என்று தலையை ஆட்டினார். கேட்க நினைத்தது ஒன்று இருந்தது. அந்த வழியில் கூர் என்ற ஊர் வருமா? கேட்கவில்லை. கேட்டால் சாமியாரின் கண் நேராகப் பலகைக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியும்.

கூர் சுவிட்சர்லாந்தில் இருந்தது. அவர் மகள் அற்புதமேரி கூரில் இருந்தாள். அந்தக் காலத்தில் வெளிநாட்டு மடங்கள் நம் பக்கத்துக் கிராமங்களில் பெண் தேடி வந்தன. சுற்று வட்டாரத்திலிருந்து நாலு பெண்கள் கன்னியாஸ்திரியாகப் போனார்கள், அவர்களில் இவள் ஒருத்தி. போய்ப் பத்து வருஷமாகிவிட்டது. மடத்து வேலை என்று ஏதாவது வந்தால் ஒழிய வீட்டுக்கு வரக்கூடாது என்பது அவர்கள் சட்டம். வீட்டில் ஒரு போட்டோ இருந்தது. வெள்ளை உடுப்பில், வெள்ளைப் பனியில், பல்லும் வெள்ளையாகச் சிரித்தபடி நிற்பாள். அவர் மனைவி சந்திரம்மாள் அதைத் துடைக்கும்போதெல்லாம், "ஒரு வெத்தலை போடக்கூட செவப்பு இல்லாத ஊரு" என்று முணுமுணுப்பாள்.

மகள் விஷயத்தில் பெரியநாயகத்துக்கு ஒரு உறுத்தல் உண்டு. சின்ன வயதில் அவளுக்குப் பொம்மை வேண்டாம், பூ வேண்டாம், ஸ்டீயரிங்தான் வேண்டும். ஒரு நாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் ஜீப்பைக் கிளப்பிக் கோயில் கிணற்றுச் சுவரில் முட்டிவிட்டாள். சுவர் விரிசல் விட்டது. "பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு ஸ்டீயரிங்?" என்று கத்தி, அன்றிலிருந்து அவளை வண்டியில் கையே வைக்க விடவில்லை. அவள் போன பிறகு அந்த விரிசலைப் பூச அவர் யாரையும் விடவில்லை. காரணம் கேட்டால், அது கிணற்றுக்குக் காற்றோட்டம் என்பார்.

அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய் ஐரோப்பா மேப்பை இரவல் வாங்கினார். ம்யூனிக்கிலிருந்து ட்ரியஸ்டுக்கு நூல் பிடித்துப் பார்த்தார். நூல் சால்ஸ்பர்க் வழியாகத் தெற்கே நேராக இறங்கிக் கடலைத் தொட்டது. கூர் தள்ளி, இடது பக்கம் ஓரமாக ஒதுங்கி நின்றது. வண்டியை இடது பக்கம் திருப்பவேண்டும். அதை அவர் கேட்கக்கூடாது. சாமியாரே சொல்லவேண்டும். எப்படி? பெரியநாயகத்துக்கு ஏற்காட்டு மலை ஞாபகம் வந்தது. முதலில் வலது பக்கம் ஒடி.

வலது பக்கம் வியன்னா இருந்தது. கன்னியாஸ்திரியாகப் போன நாலு பேரில் இன்னொருத்தி, சூசையம்மாளின் மகள், வியன்னாவில் இருந்தாள். சூசையம்மாள் கோயிலுக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருந்தாள். அவளிடம் சொன்னால் தம்பட்டம் அடிக்கத் தேவையில்லை.

"சூசையம்மா, வியன்னாவுக்கு உன் பொண்ணுக்கு இன்னா குடுத்தனுப்பப் போறே?"

"வியன்னா நீ போற வழியா அண்ணே?"

"போற வழிதானே. மேப்புல பாரு, அரை விரக்கடை."

சூசையம்மாள் மேப்பைப் பார்த்தாள். மெய்யாலுமே அரை விரற்கடைதான். மகளுக்கு மாங்காய் ஊறுகாய் போட அன்றே உப்பில் மாங்காயை ஊறவைத்தாள். மதியத்துக்குள் சேதி ரத்தினத்தின் வீட்டுக்குப் போனது. ரத்தினத்தின் மகள் இன்ஸ்ப்ரூக்கில். ரத்தினமும் வந்தாள், இது போகிற வழியா என்று கேட்டாள், போகிற வழியாகவே இருந்தது. வடகம் பிழிந்தாள்.

இனி ஒரே ஒரு ஆள் பாக்கி. லூசெர்ன் என்ற ஊரில் யாக்கோபின் தங்கை இருந்தாள். லூசெர்ன் சுவிட்சர்லாந்துக்கு உள்ளே, கூருக்கும் அப்பால். யாக்கோபு கேட்டால் போதும், திரும்பி வருகிற பாதையில் கூர் தானாக வந்து விழும். ஆனால் கோயிலில் மணி அடித்து ஜெபம் சொல்லுகிற கோயில்பிள்ளை யாக்கோபு பெரியநாயகத்தோடு இரண்டு வருஷமாகப் பேசுவதில்லை. பெரிய வெள்ளிக்கிழமை அன்று யாக்கோபு உருக்கமாக ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது வெளியே ஜீப் ஹார்ன் சிக்கிக்கொண்டு விடாமல் அலறியது. தானாகச் சிக்கியது என்று பெரியநாயகம் சத்தியம் செய்தார். அவர் சத்தியம் செய்ததால்தான் யாக்கோபுக்குச் சந்தேகமே வந்தது.

யாக்கோபு இட்லி சாப்பிட வருகிற நேரம் பார்த்துப் பெரியநாயகம் கடையில் உட்கார்ந்தார். யாக்கோபு வந்ததும் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சூசையம்மாளிடம் பேசினார்.

"எனக்கு மனசு கேக்கல சூசையம்மா. உன் பொண்ணுக்கு ஊறுகா போவுது, ரத்தினம் பொண்ணுக்கு வடகம் போவுது. லூசெர்ன்ல ஒரு பொண்ணு கீதே, அதுக்குதான் ஒண்ணுமில்ல. பாவம், யாருமே இல்லாத புள்ள போலக்கீது."

யாக்கோபு பாதி இட்லியை வைத்துவிட்டு எழுந்தார். நேரே சாமியாரிடம் போனார். "ஊர்ல அல்லாப் பொண்ணுங்களுக்கும் சாமான் போவுது, எந்தங்கச்சி மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு? இது ஞாயமா சாமி?" என்று கண்ணில் தண்ணீரோடு கேட்டார்.

சாமியார் பெரியநாயகத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் மேப்பை விரித்து, ஊருக்கு ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொன்னார். ம்யூனிக்கில் ஒன்று. கிழக்கே எங்கேயோ வியன்னாவில் ஒன்று. திரும்பி மேற்கே வந்து இன்ஸ்ப்ரூக்கில் ஒன்று. இன்னும் மேற்கே லூசெர்னில் ஒன்று. கடைசியாக ட்ரியஸ்ட், மறுபடி கிழக்கே. சாமியார் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது ரோடா, நம்ம வாலாஜாபாத் டவுன் பஸ்ஸா?"

"ஜனங்க கேக்குறாங்க சாமி. நான் இன்னா பண்றது?"

"லூசெர்னிலிருந்து இறங்கும்போது இங்கே கூர் இருக்கு. உன் மகள் இருக்கிற ஊர்தானே?"

பெரியநாயகம் அப்போதுதான் கவனித்தவர்போல மேப்பின் மேல் குனிந்தார். "அட, ஆமா. இருக்கட்டும் சாமி, வேணாம். அது சொந்த வேல. போர்டு கீதே."

சாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வழியில் இருக்கிற ஊரை விட்டுட்டா போவே?"

"சாமி சொன்னா சரி. ஆனா கடைசியா வைங்க. ஊருக்கு மொதல்ல, நமக்குக் கடைசி."

சாமியார் கூரில் ஒரு புளியங்கொட்டையை வைத்தார். பெரியநாயகம் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு வெளியே வந்தார். கிணற்றடி வரை வந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் எதற்குப் போகிறாய் என்ற கேள்விக்குப் பதிலாகப் பெரியநாயகம் மண்ணில் குச்சியால் முழு வழியையும் கீறிக் காட்டினார். ஆல்ப்ஸ் முடிவதற்குள் அந்தப் போலீஸ்காரர் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டார், போகும்போது தனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிவரச் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு பயிற்சி ஆரம்பித்தது. இடது பக்க ஸ்டீயரிங் பழக வேண்டுமே. நிற்கிற ஜீப்பில் இடது பக்கம் ஏறி, மாவு சலிக்கிற சல்லடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடம்பைச் சாய்த்துச் சாய்த்து மலை ஏறுவார். வலது கையால் இல்லாத கியரைப் போடுவார். சந்திரம்மாள் வாசலில் நின்று, "மலை எறங்கிட்டா சல்லடைய குடு, மாவு சலிக்கணும்" என்பாள். வலது பக்கம் ஓட்டிப் பழகக் கோடையில் வற்றிய ஏரிக்குள் இறங்கினார். எதிரே வந்த எருமைக்கு ஐரோப்பிய விதி தெரியாததால் அது தன் வழியிலேயே வந்தது, அவர்தான் ஒதுங்கவேண்டியிருந்தது. முதல் மழைக்குப் பிறகு ஏரிச் சேற்றில் வேண்டுமென்றே வண்டியை விட்டார். பனி என்பது வெள்ளைச் சேறு, வேறொன்றுமில்லை என்பது அவர் கட்சி. ஜீப் அச்சு வரை புதைந்தது. கன்னியப்பன் ஏர் மாடுகளைக் கொண்டுவந்து கட்டி இழுத்தார். "ஆல்ப்ஸ்ல மாடு கெடைக்குமா மாமா?" என்று கன்னியப்பன் கேட்டார். சுவிட்சர்லாந்தில் மாடு நிறைய உண்டு என்று பெரியநாயகம் நம்பிக்கையோடு சொன்னார்.

அக்டோபர் மாதம் ம்யூனிக்கிலிருந்து ஹூபர்ட் சாமியார் வந்தார், வேன் தருகிற பங்கின் சாமியார். வேன் எந்த ஊருக்குப் போகிறது என்று பார்த்துவிட்டுப் போக வந்தார். அது ஜெபமாலை மாதம். எங்கள் பக்கத்தில் அந்த மாதம் மாதா சுரூபம், அதாவது மாதாவின் சிலை, கோயிலில் இருக்காது, ஊர் சுற்றும். ஒரு வீட்டில் ஒரு இரவு தங்கும். மறுநாள் அந்த வீட்டுக்காரர்களே தூக்கிக்கொண்டுபோய் அடுத்த வீட்டில் சேர்ப்பார்கள். இப்படியே எல்லா வீடும் முடிந்ததும் கடைசி வீட்டுக்காரர்கள் பாட்டும் விளக்குமாகக் கோயிலுக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கவேண்டும். கடைசி வீடாக இருப்பது பெரிய மரியாதை. அதற்காகச் சண்டைகூட நடந்திருக்கிறது. வெள்ளைக்காரச் சாமியார் அந்த ஊர்வலத்தோடு வீடு வீடாக நடந்தார். சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டு மூக்கைச் சிந்தினார்.

மறுநாள் மேப்பு விரிக்கப்பட்டது. புளியங்கொட்டைகள் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. ஹூபர்ட் சாமியாரின் நெற்றி சுருங்கியது. வியன்னாவில் விரலை வைத்து ஏதோ கேட்டார்.

"இதெல்லாம் எதுக்கு, நேராப் போகக்கூடாதான்னு கேட்கிறார்" என்றார் சாலமோன் சாமியார்.

பெரியநாயகம் கூரில் இருந்த புளியங்கொட்டையை விரலால் அழுத்திப் பிடித்தார். நூல் நேராகிவிட்டால் கூர் போச்சு. அந்த அவசரத்தில் அவருக்கு வாழ்க்கையிலேயே மிக நல்ல யோசனை ஒன்று தோன்றியது.

"சாமி, நேத்து பாத்தாரே, மாதா சுரூபம் நேராவா போச்சு? வூடு வூடாத்தானே போச்சு? இந்த வண்டியும் அப்பிடித்தான்னு சொல்லுங்க. நம்ம பொண்ணுங்க நாலு மடத்துல கீறாங்க. ஒவ்வொரு மடத்துலயும் ஒரு ராத்திரி வண்டி தங்கட்டும். அந்தப் புள்ளைங்க தொட்டுக் கும்பிட்டு அனுப்பட்டும். ஆஸ்பத்திரி வண்டி, ஆசீர்வாதத்தோட வரட்டும்."

சாலமோன் சாமியார் அதை இங்கிலீஷில் சொன்னார். சொல்லச் சொல்ல ஹூபர்ட் சாமியாரின் முகம் மலர்ந்தது. மேசையைத் தட்டினார். பெரியநாயகத்தைக் கட்டிப்பிடித்தார். மேப்பைப் புளியங்கொட்டைகளோடு போட்டோ எடுத்தார். பெரியநாயகம் எதிரே நின்ற யாக்கோபைப் பார்த்து லேசாகப் புருவத்தை உயர்த்தினார்.

புறப்படும்போது ஹூபர்ட் சாமியார், ஊறுகாய், வடகம், யாக்கோபு கொடுத்த நெத்திலிக் கருவாடு எல்லாவற்றையும் தானே கொண்டுபோவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். ஊரே கைதட்டியது. சந்திரம்மாள் மட்டும் கைதட்டவில்லை.

"யோவ், சாமான் பூட்டுதே. இனிமே ஆளு எதுக்கு?" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கெட" என்றார் பெரியநாயகம்.

கோடை பிறந்தபோது ஒரு நாள் ஒரகடம் தாண்டி வரும் வழியில் சாலமோன் சாமியார் ஜீப்பை ஓரமாக நிறுத்தச் சொன்னார். அவர் எப்போதும் அப்படிச் சொல்வதில்லை. பெரியநாயகம் என்ஜினை அணைத்தார்.

"ம்யூனிக்கிலிருந்து சேதி வந்திருக்கு. உன் யோசனை அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. மாதா சுரூபம் போகிறபடியே செய்யப்போறாங்க."

"நல்லதாப் போச்சு சாமி."

"முழுக்க அப்படியே. ஒரு வீட்டுக்காரங்களே அடுத்த வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கணும் இல்லியா? ம்யூனிக்காரங்க வியன்னாவில் கொண்டுபோய் விடுவாங்க. வியன்னா மடத்துச் சிஸ்டர்கள் இன்ஸ்ப்ரூக்கில் விடுவாங்க. அங்கேயிருந்து லூசெர்ன், அங்கேயிருந்து கூர். எல்லா மடத்திலும் வண்டி ஓட்டத் தெரிந்தவங்க இருக்காங்களாம். இங்கேயிருந்து டிரைவர் வரத் தேவையில்லைன்னு சொல்லிட்டாங்க."

பெரியநாயகம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தார். எதிரே நாற்று பிடுங்கிய வயலில் கொக்குகள் நின்றன. தான் எடுத்துக்கொடுத்த வாயே தன்னை இறக்கிவிட்டது என்பது அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அப்ப நானு?"

"நீ மெட்ராஸ் துறைமுகத்தில் வண்டியை வாங்கிக்கணும்."

அவர் பலகையில் தொங்கிய துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பலகை தெரிந்தது. சாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பெரியநாயகம் செய்ததுதான் ஊரைக் கலவரப்படுத்தியது. படப்பைக்குப் போகச் சொன்னால் படப்பைக்கே போனார். போனதும் வந்தார். ஒரகடத்தில் மூட்டையோடு நின்றவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். வல்லத்து டீக்கடைக்காரர் ஆளனுப்பி உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். சல்லடை மாவு சலிக்கப் போனது. யாக்கோபே ஒரு நாள் வந்து, மூன்று வருஷக் கோபத்தை விட்டு, "அன்னிக்கி ஹார்ன் தானாத்தான் சிக்கிச்சுன்னு வெச்சிக்கலாம்யா" என்றார். பெரியநாயகம், "இல்ல யாக்கோபு, நாந்தான் அடிச்சேன்" என்றார். அவ்வளவு மோசமாகிவிட்டிருந்தது நிலைமை. சந்திரம்மாள் போட்டோவைத் துடைத்துத் திரும்ப மாட்டும்போது அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அவருக்கு ஆல்ப்ஸ் வேண்டாம், வேன் வேண்டாம். பெண்ணை ஒரு தடவை பார்க்கவேண்டும். அதை ஒரு தடவையாவது வாய்விட்டுக் கேட்டிருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

ஆவணி மாதம் கப்பல் வந்தது. எல்லப்பனின் வாடகைக் காரில் சாலமோன் சாமியார், பெரியநாயகம் இருவரும் கிளம்பினார்கள். சந்திரம்மாளும் வரவேண்டும் என்று சாமியார் சொன்னார். ஒரு வண்டியை வாங்க எதற்கு மூன்று பேர் என்று கேட்கிற தெம்புகூடப் பெரியநாயகத்துக்கு இல்லை.

துறைமுகத்தில் வரிசையாக நின்ற பெட்டிகளுக்கு நடுவே அந்த வேன் நின்றது. மேலே வெள்ளை, கீழே நீலம். அதன் பக்கத்தில் வெள்ளை உடுப்பில் ஒரு கன்னியாஸ்திரி, கையில் காகிதக் கட்டோடு, சுங்க அதிகாரி ஒருவரிடம் வாதாடிக்கொண்டிருந்தாள்.

"மெய்யாலுமே சொல்றேன் சார், அத்தினியும் மருந்துதான். இந்த டப்பால மட்டும் கருவாடு கீது. அதுவும் இங்கேயிருந்து போனதுதான், சாப்பிட்டது போக மீதி."

சந்திரம்மாள் ஒரு சத்தம் போட்டாள். கன்னியாஸ்திரி திரும்பினாள். அதற்குப் பிறகு தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுததில் சுங்க அதிகாரி கையெழுத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்.

பெரியநாயகம் நின்ற இடத்திலேயே நின்றார்.  சாலமோன் சாமியார் அவர் காதருகே குனிந்தார்.

"கடைசி வீட்டுக்காரங்கதானே சுரூபத்தைக் கோயிலில் கொண்டுவந்து ஒப்படைக்கணும்? மடத்துத் தலைவிக்கு அதைத்தான் எழுதினேன். முறை முறைதானே? மூணு மாசம் லீவு கொடுத்திருக்காங்க. நீ கூரைக் கடைசியா வைக்கச் சொன்னபோதே நினைச்சேன். உனக்கு மட்டும்தான் சுத்திப் போகத் தெரியும்னு நினைப்பா?"

அற்புதமேரி எதிரே வந்து நின்றாள். "இன்னா நைனா, எளச்சிப் பூட்டே" என்றாள்.

 நாற்பது வருஷமாக ஒரு டிரைவரைப் பார்த்தால் இன்னொரு டிரைவர் கேட்கிற கேள்விதான் பெரியநாயகத்தின் வாயில் வந்தது. "ரோடு எப்பிடி கீது?"

"நல்லா கீது. சான் பெர்னார்டினோ மலையிலதான் வளைவு சாஸ்தி. மொதல்ல எதிர்ப்பக்கம் ஒடிச்சிட்டு அப்புறம் திருப்பினேன்."

"யாரு, நீயா ஓட்டினே?"

"பின்னே? கூருலேருந்து ட்ரியஸ்ட் வரைக்கும் நாந்தான்."

"உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா, மொதல்ல எதிர்ப்பக்கம்னு?"

"ஊருக்கே சொல்லிகினு இருந்தியே நைனா. எங்காதுல வுழாதா?"

பெரியநாயகம் அவளைப் பார்க்க முடியாமல் வண்டியைச் சுற்றி வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். பின்பக்கம் மூடியைத் திறந்து என்ஜினை முறைத்துப் பார்த்தார். பிறகு, சரி, நம் வேலையைப் பார்ப்போம் என்று கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து கையை நீட்டினார். ஸ்டீயரிங் இல்லை. எத்தனையோ மாதம் சல்லடையைப் பிடித்து இடது பக்கம் பழகிய மனிதர், வேளை வந்தபோது பழைய காலின் பேச்சைக் கேட்டு வலது பக்கம் ஏறியிருந்தார். எதிரே வெறும் தகரம், கீழே அவருடைய முழங்கால்.

இறங்கிச் சுற்றிப் போகலாம் என்று எழுந்தார். அதற்குள் இடது பக்கக் கதவு திறந்தது. அற்புதமேரி உடுப்பைச் சுருட்டிக்கொண்டு ஏறி, ஸ்டீயரிங்கைப் பிடித்தாள்.

"குந்து நைனா. பெர்மிட்டு எம்பேர்லதான் கீது. கடைசி வூடு நாங்க."

பின்சீட்டில் சாமியாரும் சந்திரம்மாளும் ஏறிக்கொண்டார்கள். வண்டி கிளம்பியது. வலது பக்கம் உட்கார்ந்ததில் எதிரே வருகிற லாரியெல்லாம் நேராகப் பெரியநாயகத்தின் மடிக்கே வருவதுபோலிருந்தது. கிண்டியில் ஒரு தடவை, தாம்பரத்தில் இரண்டு தடவை, வண்டலூரில் கணக்கில்லாத தடவை அவர் தகரத்தை ஓங்கி மிதித்தார். "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்தினார். அவள் சிரித்தாள், ஆனால் வேகத்தைக் குறைக்கவில்லை. பிசகில்லாமல் ஓட்டினாள். படப்பையில் மாட்டு வண்டிக்கு வழி விட்டு ஒதுங்கிய விதத்தைக் கண்டதும் அவர் திரும்பி அவள் கையைப் பார்த்தார். இந்தக் கையையா வேண்டாம் என்றோம் என்று நினைத்தார். அழுகை வந்தது. அழுதார், மறைக்கவில்லை.

"கெணத்துச் செவுரு இன்னும் வெடிச்சேதான் கீதா நைனா?" என்று ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"கீது. பூச வுடல."

 கொஞ்ச தூரத்துக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓட்டினாள்.

சேரப்பணஞ்சேரித் திருப்பத்தில் ஊரே நின்றது. யாக்கோபு மணியை அடித்துக்கொண்டிருந்தார். சூசையம்மாளும் ரத்தினமும் மாலையோடு முன்னால் வந்தார்கள். வேன் அருகே வந்தது, வேகம் குறைந்தது, ஹார்ன் நீளமாக அலறியது. பிறகு திரும்பாமல், நேராக, மேற்கே ஒரகடம் ரோட்டில் போய்விட்டது. யாக்கோபு மணிக்கயிற்றைப் பிடித்தபடி வாய் பிளந்து நின்றார்.

"எங்கேம்மா போறே?" என்று பின்சீட்டிலிருந்து சாமியார் பதறினார்.

"வல்லத்துல ஒரு டீ குடிச்சிட்டு வந்துரலாம் சாமி. போற வழிதானே."

பெரியநாயகம் இல்லாத பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.